காலி வீட்டு வேகம்

சீல் வைத்த காகிதம் பொய் சொல்லாது என்று மரியலூர்து முப்பத்திரண்டு வருடமாக நம்பி வந்தார். நம்புவதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சீலை வைத்தவரே அவர்தான். பண்ருட்டியில் ஒரு எடைமேடையில் அவருக்கு வேலை. பலா லாரியும் முந்திரி லாரியும் ஏறி இறங்க, காலி வெயிட், லோடு வெயிட், இரண்டையும் கழித்தால் வரும் சரக்கு வெயிட் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலைக் குத்தி, சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போன வியாபாரிகள்கூட அந்தச் சீட்டைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள். “மரியலூர்து கையெழுத்து இருக்குதா? அப்ப சரி” என்று பண்ருட்டி மார்க்கெட்டில் ஒரு பேச்சே இருந்தது. அந்தப் பேச்சு கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் தன் வீடுவரைக்கும் வந்து சேரவில்லையே என்பதுதான் அவருடைய ஒரே குறை.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. வீட்டில் அவரையும் சேர்த்து மூன்று பேர். மனைவி ஆரோக்கிய ராணி எதையும் ஒரு தடவைதான் சொல்வாள், கேட்காவிட்டால் விட்டுவிடுவாள். மகள் நித்யா மேரி நர்ஸ். வயது இருபத்தொன்பது. உள்ளூர்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஏழு வருடமாக ஒரே வார்டில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோனதுதான் அவள் கண்ட பலன். போன வருடம் அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்தாள். இரண்டு சுற்றுத் தாண்டி, கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். மார்ச் பதினெட்டாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு, வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் எழுத வேண்டிய பரீட்சை. கதவைச் சாத்திய அறையில் தனியாக இருக்க வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். போன் நெட் கூடாது. கம்பி வழியாக வரும் இணைப்புதான் வேண்டும். இருபது எம்பி வேகத்துக்குக் குறையக் கூடாது. லைன் மூன்று தடவை அறுந்தால் பரீட்சை ரத்து. எந்த வீட்டிலிருந்து எந்தக் கம்பெனி லைனில் எழுதப் போகிறாள் என்பதைப் பதினொன்றாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் மாற்ற முடியாது.

மஞ்சக்குப்பத்தில் நித்யாவின் சிநேகிதி சுவேதா வீடு இருக்கிறது. அங்கே கேபிள்காரர் ஞானசேகரன் போட்டுக் கொடுத்த நல்ல லைனும் இருக்கிறது. “நீ இங்க வந்தே எழுதுடி, நாங்க எல்லாரும் கோயிலுக்குப் போயிடுறோம்” என்று சுவேதா சொல்லிவிட்டாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மரியலூர்து முடிய விடவில்லை.

“அடுத்தவங்க வீட்டு ரூம்ல உக்காந்து எழுதிட்டு, அயர்லாந்து போனப்புறம் காலத்துக்கும் அவுங்களாலதான் போனேன்னு சொல்லிக்கிட்டிருப்பியா? நம்ம வீட்டுக்கே லைன் போடுவோம்” என்றார்.

“போடுங்க. ஞானசேகரன் அண்ணன்கிட்டயே போடுங்கப்பா” என்றாள் நித்யா.

ஞானசேகரன் வந்தார். தெருவை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா வருங்கையா. வரலன்னா ஒரு போன் பண்ணுங்க, நானே வந்து பாக்குறேன்” என்றார். அவ்வளவுதான். படிவம் இல்லை, மதிப்பீடு இல்லை, சீல் இல்லை. மரியலூர்துக்கு அந்த ஆளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இப்படிப்பட்டவர்கள் எப்படித்தான் தொழில் செய்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அப்போது வந்து சேர்ந்ததுதான் வெள்ளாறு ஃபைபர்நெட். தலைமை அலுவலகம் சிதம்பரத்தில். கடலூர்க் கிளையில் லைன் இழுக்க இரண்டு பேர், லைனை மதிப்பிட ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் ஒருவரான வேக மதிப்பீட்டு அலுவலர் செந்தமிழ்செல்வன், கழுத்தில் அடையாள அட்டையும் கக்கத்தில் ஃபைலும் கையில் ஒரு கறுப்புப் பெட்டியுமாக வந்து இறங்கினார். பெட்டியில் பூட்டு இருந்தது. பூட்டின்மேல் அரக்குச் சீல் இருந்தது. மரியலூர்து அப்போதே தோற்றுவிட்டார்.

படிவம் பதினான்கு பக்கம். வீட்டில் எத்தனை பேர், இணையம் இல்லாத காலத்தில் அவர்கள் எப்படிப் பொழுதைக் கழித்தார்கள், அப்போது மகிழ்ச்சியாக இருந்தார்களா, ஆம் எனில் இப்போது இணையம் எதற்கு என்று தனித்தாளில் எழுதவும். வீட்டில் பொறுமை குறைந்தவர் எவரேனும் உண்டா, அவருக்கு அந்தக் குணம் எந்த வயதில் வந்தது. மரியலூர்து ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்து எழுதினார். பொறுமை குறைந்தவர் என்ற இடத்தில் மகள் பெயரைப் போட்டார்.

கடைசிப் பக்கத்தில், ‘பரிந்துரைக்கப்படும் வேகம்: நூறு எம்பி வரை’ என்று இருந்தது.

“இந்த ‘வரை’ன்னா என்னா சார்?” என்று கேட்டாள் நித்யா.

செந்தமிழ்செல்வனுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. “மேடம், கடலூர்லேருந்து சிதம்பரம் வரைக்கும்னு பஸ்ல போர்டு இருக்கும். ஏறி உக்காந்த ஒடனே சிதம்பரம் வந்துடுமா? ஆலப்பாக்கத்துல நிக்கும். புதுச்சத்திரத்துல நிக்கும். சில நாள் டயர் போயி அங்கயே நின்னுடும். அதுக்காக போர்டு பொய்யின்னு சொல்லுவீங்களா?”

நித்யா வாயைத் திறப்பதற்குள், “போர்டு பொய்யில்லதான்” என்றார் மரியலூர்து.

லைன் வந்தது. வேகம் நான்கு எம்பி வந்தது. சில சமயம் ஆறு. சாப்பாட்டு நேரத்தில் ஒன்றுமே வராது; திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நித்யா நான்கு புகார் கொடுத்தாள். நான்குக்கும், ‘உங்கள் புகார் மகிழ்ச்சியுடன் பெறப்பட்டது’ என்று பதில் வந்தது. ஐந்தாவது புகாருக்குச் செந்தமிழ்செல்வனே பெட்டியோடு வந்தார். சீலை உடைத்துப் பெட்டியைத் திறந்து, தனியாக ஒரு கம்பியைச் சொருகி ஏதோ பார்த்தார். சிறிய சீட்டு ஒன்று வெளியே வந்தது. தொண்ணூற்றாறு எம்பி. அதன்மேல் சீலைக் குத்தி மரியலூர்து கையில் கொடுத்தார்.

“எனக்கு நாலுதாம்பா காட்டுது” என்று நித்யா போனை நீட்டினாள்.

“உன் போன்ல சீல் இருக்குதா?” என்றார் மரியலூர்து.

ஆனாலும் அவர் வெறும் சீட்டு வாங்குகிற ஆள் இல்லை, சீட்டு கொடுத்த ஆள். தொழில் புத்தி உள்ளே அரித்தது. “தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்று ஆரம்பித்தார். “எங்க எடைமேடையில லோடு வண்டியை மட்டும் நிறுத்தி எடை போட்டா அது எடையே இல்ல. மொதல்ல காலி வண்டி. அப்புறம் லோடு வண்டி. ரெண்டையும் கழிச்சாத்தான் சரக்கு எவ்வளவுன்னு தெரியும். நீங்களும் அதே மாதிரி பண்ணுங்க. வீட்டுல யாருமே இல்லாதப்ப எவ்வளவு வருதுன்னு ஒரு எடை. ஆளுங்க இருக்கிறப்ப ஒரு எடை. எங்க கொறையுதுன்னு தெரிஞ்சிடும், சரி பண்ணிடலாம்.”

கோளாறைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி அது. நல்ல மனதோடு சொன்னார். செந்தமிழ்செல்வன் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, “ஐயா, இதை நீங்க இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க” என்று ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டார். அதுவரை ‘சார்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ‘ஐயா’ என்றதை மரியலூர்து கவனித்தார். அவருக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் சிதம்பரத்திலிருந்து அழைப்பு வந்தது.

மேல வீதியில் மூன்றாவது மாடி. மண்டல மேலாளர் தில்லைநாதன் பருத்த, சாந்தமான மனிதர். அவர் அறையிலிருந்த கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை. மரியலூர்து உள்ளே நுழைந்ததும் ஒன்பது அதிகாரிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இவர் பின்னால் திரும்பி யார் வருகிறார்கள் என்று பார்த்தார். யாரும் வரவில்லை.

தில்லைநாதன் பேசினார். “பன்னெண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கோம். பூட்டிக் கெடக்கிற வீட்டுலேருந்து இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல. புகார் பூரா ஆளு இருக்கிற வீட்டுலேருந்துதான் வருது. அப்ப கோளாறு எங்க இருக்கு? லைன்லயா, ஆளுலயா? இவ்வளவு பெரிய உண்மை எங்க கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. பி.இ. படிச்சவன், எம்.இ. படிச்சவன் ஒருத்தனுக்கும் தோணல. ஐயா வந்து சொல்ல வேண்டியிருக்கு.”

மரியலூர்து கூச்சத்தோடு, “நான் என்ன சொன்னேன்னா சார், கழிச்சுப் பாத்தா கோளாறு…” என்று இழுத்தார்.

“கழிச்சிட்டோம்” என்றார் தில்லைநாதன். “வேகம்ங்கிறது எங்க சொத்து. அதை முழுசாத்தான் வீட்டுக்கு அனுப்புறோம். ஜனங்க அதை உபயோகப்படுத்தி உபயோகப்படுத்திக் கொறைச்சிடுறாங்க. கொறைச்சிட்டு எங்களையே கேக்குறாங்க. இனிமே அது நடக்காது. இனிமே காலி வீட்டு வேகம்தான் எங்க வேகம். அதுக்குத்தான் சான்றிதழ். மத்தது எல்லாம் வாடிக்கையாளரோட சுமை.”

பொன்னாடை போர்த்தினார்கள். ‘கௌரவ எடை ஆலோசகர்’ என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, அதில் பத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

“கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிறோம். இனிமே இந்த மாவட்டத்துல எந்த வீட்டுக்குச் சான்றிதழ் போனாலும், எந்த ஊருக்கு எங்க கடிதம் போனாலும், அடியில உங்க கையெழுத்து இருக்கும்” என்றார் தில்லைநாதன்.

மரியலூர்து பேனாவை வாங்கினார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. பென்ஷன் ஆபீசில்கூடக் கட்டைவிரலைத்தான் ஒரு கருவியில் வைக்கச் சொல்கிறார்கள். ‘ம’னாவின் சுழியை நிதானமாகப் போட்டு, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து, பத்துத் தடவையும் பிசகாமல் எழுதிக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது.

“சார், பதினெட்டாம் தேதி எம் பொண்ணுக்குப் பரீட்சை. இருபது எம்பி இருந்தா போதும். இருக்குமா?”

“இருபதா?” என்று தில்லைநாதன் சிரித்தார். “ஐயா வீட்டுக்கு நூறு. சீல் போட்டே குடுக்குறோம்.”

ஒன்பதாம் தேதி காலை, மாவட்டத்தின் முதல் காலி வீட்டு மதிப்பீடு செம்மண்டலத்தில் நடந்தது. செந்தமிழ்செல்வனோடு நான்கு பேர் வந்திருந்தார்கள். வீட்டிலிருந்த மூன்று பேரும் தெருவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஃபேன் நிறுத்தப்பட்டது. சுவர்க்கடிகாரம் கழற்றப்பட்டது. அடுப்பில் பாதி கொதித்துக்கொண்டிருந்த மீன்குழம்பை, கொதிப்பதும் ஒரு இயக்கம்தான் என்று இறக்கி வைக்கச் சொன்னார்கள். மாதா சுரூபத்துக்கு முன்னால் எரியும் சின்ன பல்பையும் அணைக்கச் சொன்னபோது ஆரோக்கிய ராணி வாசலில் நின்றபடி ஒரே ஒரு தடவை சொன்னாள்.

“இது எனக்கு நல்லதா படல.”

யாரும் கேட்கவில்லை. அவள் விட்டுவிட்டாள்.

மூன்று பேரும் வெயிலில் நின்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு வைத்திலிங்கம் தன் வீட்டு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து செந்தமிழ்செல்வனின் குரல் வந்தது. “காலி வீடு, தொண்ணூத்தெட்டு.” நான்கு பேரும் கை தட்டினார்கள். வீட்டுக்குள் இருந்த ஐந்து பேரையும் அந்தக் கணக்கில் ஏன் சேர்க்கவில்லை என்று நித்யா கேட்டாள். அவர்கள் கம்பெனி ஊழியர்கள் என்று பதில் வந்தது.

பிறகு ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். மரியலூர்து நுழைந்ததும் அறுபத்தொன்று. ஆரோக்கிய ராணி நுழைந்ததும் நாற்பது. நித்யா வாசற்படியில் கால் வைத்ததும் பதினொன்று.

“நான் இன்னும் போனையே எடுக்கலையே” என்றாள் நித்யா.

“எடுக்குறதுக்கு முன்னாடியே இவ்வளவு கொறையுதுன்னா, எடுத்தா என்னாகும்னு பாத்துக்குங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, செந்தமிழ்செல்வன் மரியலூர்து பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த வீட்டுல ஜாஸ்தி சுமை உங்க பொண்ணுதான்.”

எடைமேடை ஆளுக்கு எண்தான் முக்கியம். நாற்பதில் பதினொன்றைக் கழித்தால் இருபத்தொன்பது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. தான் நுழைந்தபோது முப்பத்தேழு குறைந்ததை மட்டும் அவர் கழித்துப் பார்க்கவில்லை. மரியலூர்து தலையை ஆட்டினார்.

தொண்ணூற்றெட்டுக்கு மட்டும் சான்றிதழ் வந்தது. கெட்டித்தாள், நீலச் சீல், அடியில் அவருடைய கையெழுத்தே அச்சாகி இருந்தது. அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். பத்தாம் தேதி இரவுச் சாப்பாட்டின்போது நித்யா கெஞ்சிப் பார்த்தாள். “ப்பா, நாளைக்குத்தான் கடைசி நாள். சுவேதா வீட்டு அட்ரஸைக் குடுத்துடுறேம்பா. இங்க ஒரு படம்கூடத் தொறக்க மாட்டேங்குது.”

மரியலூர்து சாப்பிடுவதை நிறுத்தினார். “எங் கையெழுத்துப் போட்ட சீட்டை நீயே நம்பலன்னா ஊர்ல எவன் நம்புவான்? பண்ருட்டியில எவனையாவது கேட்டுப் பாரு. அன்னைக்கு நானும் அம்மாவும் வெளிய நின்னுக்குறோம். சுமை கொறைஞ்சா நாப்பது அம்பது தாராளமா வரும்.”

அவர் கண் கலங்கியிருந்ததை நித்யா பார்த்தாள். ஏழு வருடம் வார்டில் நோயாளிகளுக்கு விட்டுக்கொடுத்தே பழகியவள், பதினொன்றாம் தேதி காலை வீட்டு விலாசத்தையும் வெள்ளாறு ஃபைபர்நெட் பெயரையும் எழுதி அனுப்பினாள். அந்த விட்டுக்கொடுத்தலை இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. அப்பாவையல்ல, தன்னையே.

பதினெட்டாம் தேதி வந்தது. ஒன்றே முக்காலுக்கு மரியலூர்தும் ஆரோக்கிய ராணியும் போன்களை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள். ஜன்னல் வழியாக நித்யா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இருபத்து மூன்று வந்திருந்தது. மூன்று வாரத்தில் அவள் திரையில் வந்த அதிகபட்ச வேகம் அது. ஆரோக்கிய ராணி ஜெபமாலையை எடுத்தாள். மரியலூர்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு பேரைக் கழித்ததும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

இரண்டு அடித்து ஐந்து நிமிடத்துக்குச் செந்தமிழ்செல்வனின் வண்டி வந்து நின்றது. பின்னால் ஏணி.

“ஐயா, வெளியவே நிக்கிறீங்களா? ரொம்ப நல்லது. ஊருக்கே முன்மாதிரி நீங்க” என்றார். பக்கத்து வீட்டு வைத்திலிங்கம் ஒன்பதாம் தேதி மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மரியலூர்து வீட்டில் தொங்குவது போலத் தனக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தார். அன்று அவர் வீட்டு மதிப்பீடு. வைத்திலிங்கம் குடும்பத்தோடு ஏற்கெனவே தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

கம்பத்தில் ஏணி சாய்க்கப்பட்டது. தரை மேடு பள்ளமாக இருந்ததால் ஏணி ஆடியது. “ஐயா, ஒரு கை” என்றார் செந்தமிழ்செல்வன். மரியலூர்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எடை போடும்போது உதவி செய்வது அவருக்கு வழக்கம். அவர் ஏறினார். மேலே ஒரு பெட்டி திறந்தது. டக், டக் என்று கம்பிகள் கழன்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொருகினார். மறுபடி கழற்றினார். கறுப்புப் பெட்டி கேட்ட எண் வரவில்லையாம். மூன்றாவது தடவையும் கழற்றினார்.

“என்ன தம்பி பண்றீங்க?” என்று கீழேயிருந்து கேட்டார், சும்மா பேச்சுக்கு.

“நீங்க சொன்னதுதாங்கையா. வீடு காலியா இருந்தா மட்டும் போதுமா? தெருவும் காலியா இருக்கணும்ல. வைத்திலிங்கம் சார் வீட்டை அளக்குறப்ப மத்த வீட்டு லைனை எல்லாம் எடுத்துட்டுத்தான் அளக்கணும்னு ரூல் போட்டாச்சு.”

மரியலூர்துக்கு இது புரிய, ஒரு லாரி மேடையில் ஏறி நிற்கும் நேரம் ஆயிற்று. புரிந்தபோதும் ஏணியை விட முடியவில்லை. விட்டால் மேலே இருப்பவர் விழுவார். பிடித்தபடியே ஜன்னலைப் பார்த்தார். நித்யா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். அழவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மேலேயிருந்து, “வைத்திலிங்கம் சார் வீடு, தொண்ணூத்தொன்பது” என்று குரல் வந்தது.

அயர்லாந்துக்காரர்கள் மனிதர்கள்தான். அடுத்த நாளே மின்னஞ்சல் வந்தது. பரீட்சை ரத்து, ஆனால், அன்றைக்கு லைன் அறுந்தது உண்மை என்று இணையக் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் இன்னொரு தேதி தருகிறோம், பத்து நாள் அவகாசம். நித்யாவின் முகத்தில் அப்போதுதான் களை வந்தது. மரியலூர்து சட்டையை மாட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். பஸ் எந்த நிறுத்தத்தில் நின்றாலும் அவருக்குக் கோபம் வந்தது.

தில்லைநாதன் பொறுமையாகக் கேட்டார். “லெட்டர்தானே, கண்டிப்பா குடுக்குறோம். லெட்டர் குடுக்குறதுல எங்களை மிஞ்ச ஆள் கெடையாது.”

“லைன் கட் ஆச்சுன்னு எழுதணும் சார். மூணு தடவை. நானே ஏணியைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்.”

“என்ன நடந்துச்சோ அதை எழுதுவோம். அன்னைக்கு வீட்டுல யாராவது இருந்தாங்களா?”

“பொண்ணு இருந்தா. பரீட்சை எழுதிக்கிட்டு.”

“அப்ப காலி வீடு இல்ல” என்றார் தில்லைநாதன், குறித்துக்கொண்டே.

“பரீட்சை எழுதணும்னா ஆளு உள்ள இருக்கணுமே சார்.”

“இருக்கட்டும் ஐயா. இருக்க வேணாம்னு நாங்க சொல்லல. எங்க கம்பெனி யாரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்லாது. அது அவுங்கவுங்க விருப்பம்.” மேசையைச் சுற்றி வந்து மரியலூர்தின் தோளில் கை வைத்தார். “நீங்க நம்ம ஆளு. உங்களை அலையவிட மாட்டோம். லெட்டரை நாங்களே நேரா அயர்லாந்துக்கு அனுப்பிடுறோம். இங்கிலீஷ்ல, சீலோட. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

மரியலூர்து நிம்மதியாக வீட்டுக்குப் போனார். இத்தனை பட்ட பிறகும் அந்த மனிதர் நிம்மதியாகப் போனார் என்றால், குறையைச் சிதம்பரத்தின்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

எட்டாம் நாள் காலை பதில் வந்தது. நித்யா மத்தியான டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மின்னஞ்சலில் இரண்டு தாள்கள் இணைத்திருந்தார்கள். திறக்கவில்லை, வட்டம் சுற்றியது. யாரும் சொல்லாமலே மரியலூர்தும் ஆரோக்கிய ராணியும் எழுந்து தெருவுக்குப் போய் நின்றார்கள். அதற்குள் அது அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது. தெருவில் இன்னும் நான்கைந்து வீட்டுக்காரர்கள் அதேபோல் அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

உள்ளே தாள்கள் திறந்தன. முதல் தாள் வெள்ளாறு ஃபைபர்நெட்டின் கடிதம். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் எங்கள் லைனில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த வீட்டுக்குத் தொண்ணூற்றெட்டு எம்பி வேகம் சான்றளிக்கப்பட்டுள்ளது. நடந்தது, முறைப்படி அறிவிக்கப்பட்ட அளவீட்டு இடைநிறுத்தம். அது துண்டிப்பு ஆகாது. அந்த வீட்டில் வேகக் குறைவுக்கு ஒரே காரணம் விண்ணப்பதாரர்தான் என்று எங்கள் மதிப்பீட்டில் நிரூபிக்கப்பட்டுள்ளது. அவர் பொறுமை குறைந்தவர் என்று குடும்பத்தாரே படிவத்தில் எழுதிக் கொடுத்துள்ளனர்.

இரண்டாவது தாள் ஆஸ்பத்திரியிலிருந்து. லைன் அறுந்ததாக நீங்கள் எழுதியது உண்மையில்லை என்று உங்கள் நிறுவனமே சான்றளித்துள்ளது. பொய்த் தகவல் தருபவர்களை நோயாளிகளுக்குப் பக்கத்தில் விட முடியாது. இனி எங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

நித்யா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. ஆரோக்கிய ராணி முந்தானையை விரித்து நிழல் காட்டினாள். நித்யா முதல் தாளின் அடியில் விரலை வைத்தாள். நீலச் சீல் கொஞ்சமும் கோணாமல் விழுந்திருந்தது. அதற்குக் கீழே ‘கௌரவ எடை ஆலோசகர்’ என்று இருந்தது.

“இது உங்க கையெழுத்துதானப்பா?”

மரியலூர்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ‘ம’னாவின் சுழி. கடைசி எழுத்திலிருந்து இழுத்த கோடு. முப்பத்திரண்டு வருடத்தில், தான் போட்ட கையெழுத்தைத் தன்னுடையது இல்லை என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார்.

“ஆமாம்மா” என்றார்.

“அப்ப சரி” என்றாள் நித்யா.

கம்ப்யூட்டரை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.